கால் பங்கு தண்ணீர்

மூன்றாம் நாளாகப் பூசணி
மேல்மட்டத்தில் வாயை வைத்துக்
காற்றைக் குடிக்கிறது.

பேர் வைத்தது ஜெபஸ்டின்.
ஆறு மாதம் டப்ளின், பார்த்துக்கோ என்று
தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

நான் மருத்துவக் காப்பீட்டில் க்ளெய்ம் பார்க்கிறவன்.
நாளுக்கு நாற்பது நோயாளிகள்,
ஒருவர் முகமும் தெரியாது.
டிஸ்சார்ஜ் தாளில் ஒரு தேதி முரண்பட்டால் போதும்,
முன்பே இருந்த நோய் என்று
ஒரே வரியில் மூடிவிடுவேன்.

இங்கே தாள் இல்லை.
கைக்குள் அடங்கும் ஓர் உடம்பு,
இமையில்லாத இரண்டு கண்.
எங்கே வலிக்கிறது என்றால்
திறந்து திறந்து மூடுகிறது வாயை.

டார்ச் அடித்தேன்.
செவுள் மூடியில்
ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.
கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள்
வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம்.

சிவாஜிநகர், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால்
இம்தியாஸ் பாய் கடை மூடும் நேரம்.
அவர் பையனிடம் நீல மருந்து வாங்கினேன்.
லிட்டருக்கு இத்தனை சொட்டு.
தொட்டி எத்தனை லிட்டர்?
நீளம், அகலம், உயரம்,
எட்டாம் வகுப்புக்குப் பிறகு இன்றுதான் பெருக்கினேன்.
இரண்டு கரண்டி கல்லுப்பு.
தண்ணீர் பேனா மையானது.
அதற்குள் எங்கேயோ இருந்தது பூசணி.

காலையில் பாய்க்கு வீடியோ அனுப்பினேன்.
"புள்ளி வால்ல இருக்கா? உடம்புல?"
இல்ல பாய், செவுள்ல, முன்துடுப்பு ஓரத்துல, வரிசையா.
அந்தப் பக்கம் சிரிப்பு.
"நோவு இல்ல சார் அது. ஆம்பள மீனு.
பருவம் வந்திருக்கு."

ஒன்றரை வருஷமாக
வாடி செல்லம், போடி செல்லம் என்று
ஜெபஸ்டின் கொஞ்சிய மீன்.
மீசை அரும்புகிற பையனின் பருவைப் பார்த்து
அம்மை என்று நான்
வேப்பிலை கட்டியிருக்கிறேன்.

அப்போ மூச்சு வாங்குறது?
"பஞ்ச எப்போ கழுவுனீங்க?"

ஞாயிற்றுக்கிழமை.
எஜிபுராவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவிரியில்,
குளோரின் மணக்க மணக்க,
வடிகட்டியின் பழுப்புப் பஞ்சை
வெளுக்கும்வரை பிழிந்தேன்.
பெருமையாகக்கூட இருந்தது.

அது அழுக்கில்லை என்றார் பாய்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அங்கே குடியிருந்து
மீனின் கழிவைத் தின்று கொண்டிருந்ததாம்.
மிச்சம் மீதி இருந்ததை
என் நீல மருந்து முடித்திருக்குமாம்.

கரிப்பை போட்டு நீலத்தை இறக்கியபின்
சோதனைக் குழாயில் எட்டுச் சொட்டு விட்டேன்.
மஞ்சளாக நிற்க வேண்டியது
கிளிப்பச்சைக்குப் போனது.
அம்மோனியா.
தன் மூத்திரத்திலேயே
மூச்சு முட்டிக்கொண்டிருந்தது அது.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
தினம் கால் பங்கு எடு, கால் பங்கு ஊற்று.
முழுதும் மாற்றாதே.
நான்கு நாள் தீனி வேண்டாம்.
பாய் தன் தொட்டியிலிருந்து
ஒரு துண்டு அழுக்குப் பஞ்சைப் பிய்த்து
பாலிதீனில் முடிந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை.
பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து ஸீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

முந்தின ராத்திரியே பிடித்து
குளோரின் பறக்கட்டும் என்று
திறந்து வைக்கிறேன் பக்கெட்டை.
வீட்டுக்காரர் ருத்ரேஷ் எட்டிப் பார்த்தார்:
"குடியக்கே நீரில்ல, மீனிகா?"
கேட்டதில் தப்பில்லை.
எடுத்த தண்ணீரில்தான் கக்கூஸ் கழுவுகிறேன் என்று
எனக்குக் கன்னடத்தில் சொல்ல வரவில்லை.

இன்று ஒரு கோப்பு.
ஹொஸ்கோட்டே, வயது ஐம்பத்தொன்று,
மூச்சுத்திணறல்.
முதல் பக்கத்திலேயே தேதி இடிக்கிறது.
பொத்தான்மேல் விரல் வைத்துவிட்டு
நாளைக்கென்று தள்ளினேன்.
கருணை என்று நினைத்துவிடாதீர்கள்.
தண்ணீர் வரும் நேரம், கிளம்ப வேண்டியிருந்தது.

ஆறாம் நாள்.
பூசணி அடிக்கு இறங்கி
ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டு
ருசி பார்த்துத் துப்பியது.

ராத்திரி டப்ளினிலிருந்து ஜெபஸ்டின்:
"எப்படியிருக்கா?"

இருக்கான் என்றேன்.