முப்பத்திநாலு கேஜ்

செக்காலை ரோட்டில்
மோட்டார் காயில் கட்டும் கடை.
கரண்ட் போன மதியங்களில் எனக்கு வேலையில்லை.

சைக்கிள் ஸ்போக்ஸ் இரண்டு,
முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து ஊசியாக்கினேன்.
முதலில் பால் பாக்கெட்டைக் கீற்றாய் வெட்டிப் பின்னினேன்,
வழுக்கியது.
நைலான் வலைநூல் விரலை அறுத்தது.
அப்புறம்தான் மடியிலேயே கிடந்ததைப் பார்த்தேன்:
ஃபேன் காயிலுக்கு மிஞ்சிய தாமிரம்,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு.

கம்பளி என்றால் பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.
தாமிரம் ஒவ்வொரு வளைவையும் மனசில் வைத்துக்கொள்ளும்,
திருத்தப் போனால் முறியும்.
தப்பையும் சேர்த்தே பின்னினேன்.
பன்னிரண்டாம் வரிசையில் ஒரு கண்ணி நழுவி
ஓட்டை கீழே இறங்கிக்கொண்டே போனது.

"இது என்ன, கையுறையா, மீன்பறியா?"
அடைக்கலம் தராசில் போட்டார்.
ஐம்பது கிராம்கூட இல்லை.
"பழைய செம்பு விலைக்குத்தான் போகும்."

சாயங்காலம் கரண்ட் வந்தது.
இரண்டு முனையிலும் எனாமலைப் பிளேடால் சுரண்டி
டெஸ்ட் லாம்ப் வயரை வைத்தேன்.

எரிந்தது.

நாலாயிரம் கண்ணி, ஒரே கம்பி.
நழுவியதும் அதில் சேர்த்தி.

அடைக்கலம் எட்டிப் பார்த்தார்,
வலது கையை நீட்டினார்,
பிறகு எதையோ நினைத்து
பல்பை அணைக்கச் சொன்னார்,
போட்டுப் பார்க்க.