எட்டாம் எண் கட்டம்

விண்ணப்பத்தில் எட்டாவது கட்டம்:
கணவன் அல்லது மனைவியின் வருமானம்.
வருஷாவருஷம் அதில் ஒரு கோடு இழுப்பேன்,
பேனா நிற்காமல் ஒன்பதுக்குப் போய்விடும்.
இந்த வருஷம் தையல்நாயகிக்கு
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் வேலை. வார்டு ஆயா.
சம்பளம் வங்கியில் ஏறுகிறது,
ஏறின கையோடு போன் ஒரு சத்தம் போடுகிறது.

முதல் சம்பளத்தில்
என் சக்கர நாற்காலிக்கு இரண்டு டயர்,
அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு,
இரவு கோழிக் குழம்பு.
சட்டியைக் கழுவிக் கவிழ்க்குமுன்
விசாரணைக்கு வந்துவிட்டார் கிராம உதவியாளர்.
நல்ல மனுஷர். மோர் குடித்தார்.
"அண்ணே, அண்ணி சம்பளம் வரம்பைத் தாண்டுது."
எவ்வளவு?
"நானூத்திச் சொச்சம்."

எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தாண்டாது,
வைக்கோல் கட்டு ஏற்றிய லாரியின் உச்சியிலிருந்து
விழுந்த நாளிலிருந்து. எட்டு வருஷம்.
சான்றிதழில் எண்பது சதவீதம்.
அன்று ராத்திரி கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன்,
அவள் சம்பளத்தில் ஏதாவது
கால்வரைக்கும் வந்திருக்கிறதா என்று.

எங்கள் நீடாமங்கலத்தில்
ஆறு மூன்றாகப் பிரியும்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணி.
ஒரே தண்ணீருக்கு மூன்று பேர், தனித்தனி ஷட்டர்,
தனித்தனிக் கணக்கு.
நாங்கள் இரண்டு பேர்.
இரண்டு வயிறு, இரண்டு தூக்கம்,
தாலுகா ஆபீசில் மட்டும் ஒரே வாய்க்கால்:
அவள் பக்கம் ஒரு சாண் ஏறினால்
என் பக்கம் பலகை இறங்கிவிடும்.

ஆபீஸ் வாசலில், புங்க மரத்தடியில்
மனு எழுதுகிறவர் குரலைத் தணித்தார்:
"பிரிஞ்சு இருக்கோம்னு எழுதிடலாம்.
கார்டுல அந்தம்மா பேரை எடுத்துட்டா
நீங்க தனி ஆள், சிங்காரவேலு. முந்நூறு ரூபா."
தையல்நாயகி கேட்டாள்,
"மூத்திரப் பையை யார் மாத்துறான்னு எழுதுவீங்க?"
அவர் நிஜமாகவே யோசித்தார்.
விண்ணப்பத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.
"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் பாதியில் நின்றது,
போவதா வேண்டாமா என்று தெரியாமல்.
அவள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்:
பஸ்ஸுக்கு இவ்வளவு,
மத்தியானம் என்னைப் புரட்டிப் படுக்கவைக்கிற
பக்கத்து வீட்டுப் பையனுக்கு இவ்வளவு,
நின்றுபோன என் பணம் இவ்வளவு.
வேலைக்குப் போய் மிஞ்சியது சுண்டுவிரல் மட்டும்.
"மேஸ்திரிகிட்டச் சொல்லி
சம்பளத்துல நானூறு குறைக்கச் சொல்லவா?"
இருவரும் சிரித்தோம்.
அவள் முதலில் நிறுத்தினாள்.

பெரிய பணம் இல்லை அது.
ஐந்தாம் தேதி ஒருத்தர் பைக்கில் வருவார்,
மெஷினில் பெருவிரல் வைப்பேன், நோட்டு வரும்.
சவரம். டீ. ரேடியோவுக்கு பேட்டரி.
ஒரு தீபாவளிக்கு அவளுக்கு ஒரு தலை கிளிப்,
இதுவரை போட்டதில்லை.
யாரிடமும் கேட்காமல் வந்த பணம்.
இப்போது கேட்டால் கொடுக்கிறாள்,
கேட்காமலும் கொடுக்கிறாள்,
எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

போன ஐந்தாம் தேதி
டிவி மேல், சரியாக அதே தொகை.
சோப்பு டப்பாவை மேலே வைத்திருந்தாள்,
காற்றுக்குப் பறக்காமல் இருக்க.
ஒன்றும் சொல்லாமல் ஆறரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.
நான் தொடவில்லை.
மறுநாளும் தொடவில்லை.
மூன்றாம் நாள் சிலிண்டர் வந்தது,
வீட்டில் வேறு ஆள் இல்லை.
நாற்காலியை உருட்டிப்போய் எடுத்து
நானே எண்ணிக் கொடுத்தேன்.
மீதி முப்பது ரூபாய்.
கேட் திறந்து அவள் பஸ் வரும்வரை
கையிலேயே வைத்திருந்தேன்.
அப்புறம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.