இரண்டு செக்கன்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் முன்விறாந்தை அறையை
ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தோம்.
தொங்குவிளக்கு மூன்று, மேசைவிளக்கு இரண்டு,
மூங்கிலில் பின்னிய ஒரு பூதம்.
எல்லாம் முதலாம் குறுக்குத் தெருக் கடையிலிருந்து
வைக்கோல் பெட்டியில் வந்தவை,
கீறல் படாமல் திரும்பிப் போக வேண்டியவை.

முதலில் கூரையின் ரியூப் லைட்டைக் கழற்றினோம்.
கண்ணுக்கு வெள்ளை, கமராவுக்குப் பாசி.
நஸ்ரியா நாற்பது வாட்டை எடுத்துவிட்டுப்
பதினைந்தைப் பூட்டினாள்.
"கூட எரிஞ்சா விளக்குத் தெரியாது,
எரிச்சல்தான் தெரியும்."

கூட்டுக்குள் எண்ணெய்த்தாள் ஒட்டினோம்.
வயரைத் தூண்டில் நரம்பால் இழுத்துத்
திரைச்சீலைக்குப் பின்னால் கட்டினோம்.
பித்தளையில் என் விரல் பட்ட இடங்களைத்
துஷ்யந்தன் பெனியன் துணியால் துடைத்தான்.
துடைத்த இடத்தில் அவன் முகம் வந்தது.
அதையும் துடைக்கப் பார்த்தான்.

யாரும் குடிக்காத தேநீர் ஒரு கோப்பை.
யாரும் வாசிக்காத பக்கத்தில் கவிழ்த்த புத்தகம்.
இப்போதுதான் யாரோ எழும்பிப் போனதுபோல
கொஞ்சம் கசங்கிய குஷன்.
கசக்க மட்டும் அரை மணித்தியாலம்.

வீட்டுக்காரி ஐரீன் மொறாயஸ்,
துறைமுகத்தில் கணக்கு வேலை, அன்றைக்கு அரைநாள் லீவு,
குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இந்த வீட்டில ஆர் இருக்கிறது?"

ஐந்தே முக்காலுக்குத்தான் கண்டோம்,
மேசைவிளக்கின் பித்தளை வயிற்றில்
ஒரு சிவப்புப் பொட்டு.
துடைத்தும் போகவில்லை.
திரும்பினால், பின்சுவரில் இருதய ஆண்டவர்.
அவர் காலடியில்
நகத்தளவு குமிழ்.

"ஒருக்கா நூர்ப்பமா?"

"அதுக்குச் சுவிட்ச் இல்லை" என்றாள் ஐரீன்,
தண்ணி இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல.
"மெயினில இருந்து நேரா இழுத்தது.
நிப்பாட்டினா வீடு முழுக்கப் போகும்."

துஷ்யந்தன் ஏணியில் ஏறினான்.
தொட்டான்.
சுட்டது.
இறங்கினான்.
நஸ்ரியா கறுப்பு மட்டையை எடுத்துக்கொண்டு போனாள்,
படத்தின் முன் கொஞ்சம் நின்றாள்,
மட்டையால் தனக்கு விசிறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆறு இருபது. லூசியா கோயில் மணி.
யன்னலின் நீலமும் விளக்கின் மஞ்சளும்
ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்பது
ஏழெட்டு நிமிடம்.
கமரா இரண்டு செக்கன் கண் திறந்திருக்க வேண்டும்.
முதல் தடவை
துறைமுகத்துக் கொள்கலன் லொறி போனது.
பலகைத் தளம் நடுங்கி, மூங்கில் பூதம் ஆடி,
ஒரு விளக்கு ஒன்றரை விளக்கானது.
இரண்டாம் தடவை ஈசல்.
மூன்றாம் தடவை எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்,
ஐரீனும்.
குசினியில் சட்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாவற்றையும் அணைத்தோம்.
சூடு ஆறும்வரை விளக்குகளைப் பெட்டியில் வைக்கக்கூடாது.
ரியூப் லைட் இன்னும் நிலத்தில் கிடந்தது.
அந்த இருட்டில் வயர் சுற்றியது, வைக்கோல் அடைத்தது,
ஆறிய தேநீரைத் துஷ்யந்தன் ஒரே மடக்கில் குடித்தது
எல்லாம் சிவப்பில்.
எது வயர், எது கை என்று தெரிய
அது போதுமாயிருந்தது.

இரவு கணினியில் பொட்டை அழிக்க உட்கார்ந்தேன்.
பித்தளையைப் பெருப்பித்தேன், இன்னும் பெருப்பித்தேன்.
பொட்டுக்குப் பக்கத்தில், வளைந்து,
பெருவிரல் உயரத்தில் நாலு பேர்,
கன்னம் உப்ப.
ஒன்றைத் தொட்டால் மற்றதும் கலைந்தது.
பிறகு நித்திரை வந்துவிட்டது.

கிழமை கழித்துக் கடை முதலாளியின் அழைப்பு:
"மூணாம் படத்துல பித்தளைக்குள்ள ஒரு சிவப்பு,
நாலு கஸ்டமர் கேட்டுட்டாங்க.
எங்கட ஸ்டொக்குல அது இல்லையே,
மொடல் நம்பர் என்ன?"

"அதை மெயினில இருந்து நேரா இழுக்க வேணும்" என்றேன்.

"அது பரவாயில்ல.
எத்தனை வாட்?"