வாகனக் கணக்கெடுப்பு, வீரைமுறிப்புச் சந்தி

மூன்று நாள் வேலை.
காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை
பாலைமரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை,
அட்டையில் படிவம், இரண்டு பேனை.
வாகனம் போனால் ஒரு கோடு.
ஐந்தாவது கோடு முன்னைய நாலையும் குறுக்கே வெட்டும்.

ஒரு நாளைக்கு இருநூறு ஓடினால்
இந்தக் கிறவல் ரோட்டுக்குக் காப்பெற் வரலாம் என்று
கந்தோரில் சொன்னார்கள்.
வரும் என்று சொல்லவில்லை.

முதல் நாள்
பால் எடுக்கிற பட்டா, போகவும் வரவும்.
நீராவிப்பிட்டி றிஸ்மியின் வான்,
கூரையில் வாளிகளும் நீலக் கூடைகளும்
பள்ளத்துக்குப் பள்ளம் கைதட்டிக்கொண்டு.
மணல் ரக்ரர் ஒன்று, என்னைக் கண்டதும் வேகமெடுத்தது.
ஒட்டுசுட்டான் பஸ் மதகுவரை வந்து
திருப்பிக்கொண்டு போனது.
ஹோண் சத்தம் கேட்டது.
சத்தத்துக்குக் கோடு போட முடியாது.
மாலை ஆறுக்கு: நாற்பத்தொன்று.

கடைக்காரர் இரத்தினவடிவேல் பிளேன்ரீ கொண்டு வந்து
படிவத்தை எட்டிப் பார்த்தார்.
"வாளி வரேல்லை எண்டு கிணறு வெட்டேல்லை.
கிணறு இல்லாத இடத்துக்கு ஆர் பிள்ளை வாளி கொண்டு வருவினம்?"
நான் தேத்தண்ணிக்குக் காசு நீட்டினேன்.
வாங்கவில்லை.

இரவோடிரவாகக் கதை போயிருக்க வேண்டும்.
இரண்டாம் நாள் ஆறு மணி, ஒரு நிமிடம்:
நவரத்தினத்தாரின் லாண்ட்மாஸ்ரர், பெட்டியில் வைக்கோல்.
ஆறே கால், அதே லாண்ட்மாஸ்ரர், அதே வைக்கோல்,
வைக்கோலின் மேல் அதே கோழி.
மயூரதன் மோட்டச்சைக்கிளில் ஒன்பது தரம் போனான்,
மூன்று தரம் சேர்ட் மாற்றினான்.
கலியாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற காரை
தபாற்கார அருமைநாதன் துடைத்துக்கொண்டு வந்து
என் முன்னால் மெதுவாக ஓட்டினார்,
வடிவாகப் பார்த்துப் போடு என்பதுபோல.
ஆளுக்கு முந்நூறு சேர்த்துப் பெற்றோல் அடித்தார்களாம்.

அறிவுறுத்தல் கொப்பியை இரண்டு தரம் வாசித்தேன்.
போகிற வாகனத்தை எண்ணவும், அவ்வளவுதான்.
ஏன் போகிறது என்று கேட்கும்படி
ஒரு வரியும் இல்லை.
எண்ணினேன்.
இருநூற்று அறுபத்து மூன்று.
புழுதியில் என் நாக்கு மண் ருசித்தது.

மூன்றாம் நாள் விடியமுன் குளம் வான் பாய்ந்தது.
ஸ்கூட்டியை அக்கரையில் விட்டு
ஜீன்ஸை முழங்காலுக்கு மேல் சுருட்டி
நனைந்த கதிரையில் வந்து குந்தினேன்.
மதகைக் காணவில்லை.
மதகு இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் சுழித்தது.

பவளராணி கிளினிக் கொப்பியைப் பையில் சுற்றித் தலையில் வைத்து
பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றினாள்.
சோதனை எழுதப்போகும் இரண்டு பெண்கள்,
கையில் சப்பாத்து, வாயில் அனுமதி அட்டை.
பால்கான் சுமந்தவர் நடுத்தண்ணீரில் நின்று
தோள் மாற்றினார்.
கரையேறி என்னிடம் வந்தார்:
"என்னையும் ஒண்டு போடுங்கோ."
படிவம் சைக்கிளோடு முடிகிறது, ஐயா.
நடக்கிறவைக்கு நிரல் இல்லை.
"அப்ப நான் என்ன?"
கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே
அறிய விரும்பினார்.

அன்று பூச்சியம்.
குறிப்பு என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது.
அதற்குள் எழுதினேன்: நீர் இடுப்பளவு.
பிறகு, யாருடைய இடுப்பு என்று கேட்டால் என்ன செய்வது என்று
ஒரு பெண்ணின் இடுப்பு என்று சேர்த்தேன்.

கந்தோரில் மூன்று நாளையும் கூட்டி
மூன்றால் பிரித்தார்கள்.
நூற்றியொன்று தசம் மூன்று மூன்று.
இருநூறுக்குக் காணாது என்றார் பொறியியலாளர்.
ஆனால் கோப்பை மூடவில்லை,
பேனையால் அந்தத் தசத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.
"இந்த மூன்றிலொரு பங்கு எந்த வாகனம், மிஸ்?"

பஸ்ஸாக இருக்கும், சேர் என்றேன்.
மதகுவரை வந்தது.