ஒரு ‘ர்’ கூடுதல்

அக்டோபர் வந்தால் புன்ட்டா அரேனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
காற்று ஆளைத் தூக்காமலிருக்க.
நான் பிடிக்கவில்லை.
ஒரு கையில் ரொட்டி, மறு கையில் நோட்டு.
மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.
ரொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

துறைமுக எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், முள் நிற்கும், எண்ணைக் குறிப்பேன்.
அடுத்த லாரி வரும்வரை ரசீதின் பின்பக்கம் கவிதை:
நீளநீளமான வரிகள், ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு,
தாளின் ஓரம் தடுத்தால் மட்டும் மனமில்லாமல் திரும்புகிறவை.

மாவுக்கட்டோடு ஆறு வாரம்.
அலுவலகக் கணினி,
இடது கையில் ஒற்றை விரல்.
கோழி தானியம் கொத்துவதுபோல்
எழுத்தெழுத்தாய்ப் பொறுக்கினேன்.
ஓர் உவமைக்கு
இருபது தட்டு.
விட்டேன்.
‘ஆகையால்’, ‘ஆனாலும்’,
விட்டேன்.
மூன்று சொல்லில்
வரி நின்றது.
தோள் வலித்தது,
அவ்வளவுதான்.

என் குடும்பம் அட்ரியாட்டிக் கரையிலிருந்து கப்பலேறியபோது
கொண்டுவந்த சொற்களில் எனக்கு மிஞ்சியது ஒன்று: பூரா.
மலையிலிருந்து இறங்கிக் கடலின் தோலை உரிக்கும் குளிர்காற்று.
நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்,
பேனா ஒருநாளும் ‘அது என்ன?’ என்றதில்லை.
கணினியும் கேட்கவில்லை.
தானாகவே நடுவில் ஒரு ‘ர்’ சேர்த்துப்
புர்ரா ஆக்கிவிட்டது.
எங்கள் ஸ்பானியத்தில் பெண்கழுதை.

அச்சில் வந்தது இப்படி:

இரவெல்லாம் கழுதை.
கதவை முட்டியது.
அப்பா திறக்கவில்லை.

வால்பரைசோவிலிருந்து ஆசிரியர் லெயோன்சியோ
தொலைபேசியில் கத்தினார்:
“எட்விக்கா, இத்தனை வருஷம் எங்கே ஒளித்துவைத்திருந்தாய் இந்தச் சிக்கனத்தை?”
மாவுக்கட்டுக்குள், என்றேன். சிரித்தார்.
விமர்சகர் ஒருவர்
கழுதையைப் பற்றி மட்டும் இரண்டரைப் பக்கம்.

கட்டுப் பிரித்ததும் பேனாவை எடுத்தேன்.
கை சற்றுக் கோணியிருந்தது, எழுத்தும் கூடவே சாய்ந்தது.
ஆனால் வரிகள் பழையபடி வழி நெடுகப் பேசிக்கொண்டே போயின,
காற்று, கயிறு, லாரி, கம்பளி மூட்டைகளின் ஈரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு.
லெயோன்சியோ படித்துவிட்டுக் கேட்டார்:
“அந்த இன்னொருத்தி எங்கே?”

பிறகு நீரிணைக்கு அக்கரையிலிருந்து,
போர்வெனிரிலிருந்து ஒரு கடிதம்.
கட்டம்போட்ட தாள், ஊதா மை, நெரினா என்று கையெழுத்து.
“எங்கள் வீட்டுக்கும் வந்தது.
நாங்களும் திறக்கவில்லை.
காலையில் பனியில் குளம்படிகள்.
என் அண்ணன் அவற்றின் பின்னாலேயே போனவன்தான்.”
அடுத்து ஒரு சொல், அடித்து, மேலும் அடித்து,
தாளே பொத்தலாகும் அளவுக்கு.

எடைமேடை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன்.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான், இரு என்றேன்.
பின்பக்கம் திருப்பி விரலால் தடவியபோது
எழுத்துகள் புடைத்திருந்தன:
‘திறந்திருக்கலாம்.’

அன்றிரவு பதில் எழுத உட்கார்ந்தேன்.
‘அன்புள்ள நெரினா, அது கழுதை இல்லை, காற்று.
கணினி செய்த பிழை’ என்று தொடங்கினேன்.
அடித்தேன்.
‘அது காற்றாகவும்’ என்றேன். அதையும்.
தாளின் மேல்பாதி முழுக்கக் கருத்துவிட்டது.
இந்தத் தாள் போனால்
அவளும் விளக்கின் முன் பிடிப்பாள்,
அவளுக்கும் விரல் இருக்கிறது.

எழுந்துபோய்க் கணினியைத் திறந்தேன்.
காற்று காற்று என்று ஒன்பது முறை தட்டி
ஒன்பது முறையும் அழித்தேன்.
திரை முதலில் இருந்த வெள்ளையிலேயே இருந்தது.

இரண்டு கையாலும் தட்டினேன்:
அண்ணன் போன திசை
உங்களுக்கு நினைவிருக்கிறதா?
இங்கே கதவு முட்டப்படுகிறது.
போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.