இரண்டாவது சாட்சி

துலூத் நகரில், ஏரிக்கு இறங்கும் சரிவில்
எங்கள் சைலன்ஸர் கடை.
அதற்கு மேல்மாடியில் வக்கீல் மாரிட் ஓஸ்ட்பி.
பிப்ரவரி மாதம்.
படியிலிருந்து குனிந்து கேட்டார்:
"பதினெட்டு முடிந்ததா உனக்கு?"
நாற்பத்தொன்று என்றேன்.
"அவருக்கு நீ உறவா? பங்கு ஏதும் வருமா?"
யாருக்கு என்றே தெரியாதே என்றேன்.
"அப்படியானால் நீதான் வேண்டும். மேலே வா."

அந்நியனாக இருப்பதும் ஒரு தகுதி என்று
அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் வெர்லின் ஸ்கோக்ஸ்டாட்.
துறைமுகத் தானியக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம்.
இருமினால் இன்னும் கோதுமைத் தூசு வருகிறதாம்.
பக்கத்து ரொட்டிக் கடை டெல்ஃபீன் முதல் சாட்சி,
முழங்கைவரை மாவு.
நான் இரண்டாவது.

நான்கு கட்டுக் காகிதம்.
எந்த ஸ்பேனர் எதற்கென்று
புதுப் பையனுக்கு நான் காட்டுவதுபோல
வக்கீல் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார்.
இது உயில், நீங்கள் போன பிறகு பேசும்.
இது நீங்கள் இருக்கும்போதே, பேச்சு மட்டும் போய்விட்டால்:
குழாயை எடுக்கலாமா கூடாதா, யாரைக் கேட்பது.
இது வீட்டை டிரஸ்டில் வைப்பது,
கோர்ட் வரிசையில் அது நிற்க வேண்டியதில்லை.
இது அதிகாரப் பத்திரம்.
உங்கள் தங்கை மகன் ஏய்னார் போடும் கையெழுத்தை
வங்கி உங்களுடையதாக எடுத்துக்கொள்ளும்.
"ஆனால் நீங்கள் கண்மூடினால் இதுவும் கண்மூடும்.
மறுநாள் அவன் ஒரு செக் கிழித்தாலும் தப்பு."

"ஒரே நாளில் செத்துப்போக எனக்குத் துணை கிடைத்தது"
என்றார் வெர்லின்.
யாரும் சிரிக்கவில்லை.
அவர் சிரித்தார், பிறகு இருமினார்.

"இன்ஷூரன்ஸில் இன்னொரு பெயர் இருக்கிறது"
வக்கீல் எங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.
இருக்கட்டும், சொல்லுங்கள் என்றார் வெர்லின்.
"கோரின் பெலாஞ்சர். எழுபத்தெட்டில் எழுதியது. யார்?"
"நிச்சயமாகி, நடக்காமல் போனது."
"உயிலில் எல்லாம் ஏய்னாருக்கு என்கிறீர்கள்.
உயில் என்ன கத்தினாலும்
அந்தப் படிவத்துக்குக் காது கிடையாது.
பணம் அவளுக்குத்தான் போகும்."
புதுப் படிவத்தைத் தள்ளினார், மேலே பேனா.

பனி வாரும் லாரி ஒன்று
தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனது.

"உயிரோடு இருக்கிறாளா?"
"தெரியாது. தேடிப் பார்க்கலாம்."
"வேண்டாம். அதைக் கம்பெனிக்காரன் தேடட்டும்."
படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்.
டெல்ஃபீன் சன்னலைப் பார்த்தாள்,
நான் என் பூட்ஸை.

நாங்கள் உயிலைப் படிக்கவில்லை.
படிக்கத் தேவையில்லையாம்.
இவர் இவர்தான், புத்தி தெளிவாக இருக்கிறது,
முழங்கையை யாரும் தள்ளவில்லை.
அவ்வளவுதான் நாங்கள் கண்டது.
ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவாவது
நிச்சயமாகச் சொல்ல வாய்ப்பது அபூர்வம்.

என் கட்டைவிரல் ஓரத்தில் கரி பதிந்துவிட்டது.
வேறு பக்கம் அச்சடிக்க வக்கீல் எழுந்தார்.
"விடுங்கள்" என்றார் வெர்லின்.
"ஆள் நிஜமாகவே வந்து போனதற்கு அது இருக்கட்டும்."

இறங்கி வந்து ஒரு சுபாருவின் அடியில் படுத்தேன்.
துரு கண்ணில் விழுந்தது.
லவோனும் நானும் பதினோரு வருடமாக ஒரே வீட்டில்.
வீடு என் பேரில்,
கொதிகலன் அவள் காசில்.
பதிவு செய்துகொள்ளவில்லை, அடுத்த கோடை, அடுத்த கோடை என்று.
அப்பா அம்மா இல்லை, பிள்ளை இல்லை.
இந்த ஜாக்கி இப்போது வழுக்கினால்
என் வாரிசு டல்லஸில் இருக்கிற அண்ணன்,
பேசிப் பல வருடமானவன்.
லவோன், சட்டத்துக்கு, என் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும் யாரோ.

வெளியே ஊர்ந்து வந்து
பில் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி எழுதினேன்:
வீடு, படகு, நாய், எல்லாம் லவோனுக்கு.
தேதி போட்டேன். கையெழுத்தும்.
இரண்டு சாட்சி வேண்டும், எனக்கே தெரியும்.
அதுவரை அது வெறும் பில்தான்.
முன்பக்கம்: சுபாரு, பின்குழாய், கிளாம்ப் இரண்டு,
நூற்றெண்பது டாலர், பாக்கி.