தட்டிவிடு

நகத்தை வெட்டிக்கொண்டு வா.
மெட்டி, மோதிரம், அரைஞாண் தாயத்து
எதையும் செருப்போடு வாசலில் விடாதே, பையில் போடு.
போன மாதம் ஒரு மோதிரத்தை
செக்காலை ரோடு வரை தேடினோம்.

கீழே டயர் கடை. ரப்பர் வாடை
பாயிலிருந்து வருவதாகத்தான் நானும் நினைத்தேன்.

மதியம் மட்டன் சாப்பிட்டிருந்தால்
இன்று வேடிக்கை மட்டும் பார்.

உமையாளோடு சேர்த்துவிடுவார்கள்.
மருந்துக்கடையில்
தலை நிமிராமல் மாத்திரை அட்டை நறுக்குகிறவள்.
நாற்பத்தெட்டு கிலோ.
நீ பலத்தைக் காட்டுவாய். காட்டு.
அவள் அவசரப்படமாட்டாள்.
உன் காலரே உன் கழுத்தைச் சுற்றி வரும்போது
ஃபேன் சத்தம் தூரத்தில் கேட்கும்.

அப்போது தட்டு.
அவள் தோளிலோ பாயிலோ, கை எட்டுகிற இடத்தில்.
இரண்டு தட்டு போதும், விட்டுவிடுவாள்.

நான் தட்டவில்லை, முதல் நாள்.
கடன் கேட்கப் போனவன்
கதவு வரை வந்து நிற்பதுபோல
கை பாதியில் நின்றது.
ஒரு வாரம் கழுத்து திரும்பவில்லை;
தேவகோட்டை பஸ்ஸில் கூப்பிட்டவர்களுக்கெல்லாம்
உடம்போடு திரும்பிப் பதில் சொன்னேன்.

மூச்சு விடு. அது மறந்துபோகும்.

எழுந்ததும் கேட்பாள்,
"இன்னொரு ரவுண்டு?"
தண்ணீர் பாட்டிலைத் திறக்க உனக்கு விரல் மடங்காது.
அவளிடமே நீட்டு.
திறந்து தருவாள்.